தலைகீழ்ப் பன்னிரண்டு

"ஊக்கு மட்டும் மாத்துங்க, நேரத்தைத் தொட வேணாம்"
என்று சொல்லித்தான் வைத்தார் கெசியாள் சிஸ்டர்,
கண்ணாடி மேசையில், கைக்குட்டையைப் பிரித்து.
டூட்டிக்கு இன்னும் முக்கால் மணி.
வெளியே லாங் பஜார் வெயிலில் பொரிந்தது.

வெள்ளிதான். நெல்லிக்காய் அகலம்.
விளிம்பைச் சுற்றி ஒரு கொடி ஓடுகிறது;
அச்சில் அடித்ததில்லை, உளியால் இழுத்தது.
ஏழாவது இலையில் கை வழுக்கியிருக்கிறது.
எட்டாவதில் சமாளித்துவிட்டான்.

ஊக்குக்காக முதுகைத் திறக்க வேண்டியதில்லை.
திறந்தேன்.

உள்மூடியில் நடக்கிற சிங்கம், பக்கத்தில் நங்கூரம்.
பாலாற்று மணலுக்கு நங்கூரம் அனுப்பியவனை நினைத்துச்
சிரிப்பு வந்தது.
அடியில் ஊசிக் கீறல்கள்:
திறந்த ஒவ்வொருவனும் போட்டுவிட்டுப் போகிற கையெழுத்து,
சொந்தக்காரர் பார்க்கவே பார்க்காத இடத்தில்.
கோ. ௧௯௩௮ ஆடி.
பிறகு மூன்று ஆங்கில எழுத்து, கடைசி எழுத்து தேய்ந்துபோய்.
பிறகு, அன்சர், மே 2013.
நான்.

லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
துடிக்கிற சக்கரத்துக்கு வெளிப்புறம் பித்தளை, உட்புறம் எஃகு.
இரண்டையும் உருக்கி ஒட்டி
இரண்டு இடத்தில் வெட்டி விட்டிருக்கிறான்.
வெயிலில் பித்தளை கூடுதலாக நீளும்,
நீள இடமில்லாமல் உள்ளே வளையும்,
சக்கரம் ஒரு மயிரிழை சுருங்கும்,
சுருங்கிய அளவுக்கு வேகம் மீளும்.
அக்கினி நட்சத்திரத்தைப் பார்க்காமலேயே
அதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டான்
குளிர் நாட்டில் உட்கார்ந்த எவனோ.

ஓட்டத்தைப் பரிசோதித்தேன். மேசையில் படுத்தபடி
ஒரு விநாடிகூடத் தப்பவில்லை.
பதினோரு வருஷத்துக்கு முன் நான் வைத்தது வைத்தபடி.
காலரைத் தூக்கிக்கொள்ளலாம் என்று
நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்,
அவர் சட்டையில் ஊக்கு குத்திக் குத்தி நைந்த இடம்.

இது படுக்கிற கடிகாரமில்லை.
நெஞ்சில் தொங்குவது,
பன்னிரண்டு தரையைப் பார்க்க, ஆறு கழுத்தைப் பார்க்க.
எதிரில் நிற்பவருக்குத் தலைகீழ்,
குனிகிறவருக்கு மட்டும் நேர்.
ஆணியில் தொங்கவிட்டேன், அவர் அணிகிற மாதிரியே.
இரண்டு நிமிடம் கணக்குப் பார்த்தேன்.
ஒரு நாளைக்கு நாலு நிமிடம் தாமதம்.

"சிஸ்டர்" என்றேன்.
"தெரியும்" என்றார்.
"ராத்திரி ஏழுக்கு முள்ளைத் தள்ளி வெச்சுப்பேன்."
"பதினோரு வருஷமாவா? ஏன் வந்து கேக்கல?"
"வந்து நிக்க நாலு நிமிஷம் யாருகிட்ட இருக்கு, பாய்?"

காகிதத்தில் கூட்டிக் கழித்தேன், காட்டாமல்.
நாளுக்கு நாலு என்றால்
நாடி பிடிக்கிற அரை நிமிடத்தில்
விநாடியைப் பன்னிரண்டாகக் கூறு போட்டதில் ஒரு கூறு.
அந்தச் சந்துக்குள்
எந்த இதயத்தின் ஒரு துடிப்பும் முழுசாக நுழையாது.
மூச்சு வந்தது எனக்கு.
ஆனாலும் காகிதத்தைக் கசக்கிப் போட மனமில்லை,
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தொங்கியபடியே திருத்தினேன்.
கழுத்தை ஒடித்துக்கொண்டு, நெம்புகோலை
ஊசிமுனை அளவு, அதில் பாதி, அதில் பாதி.
டீ கொண்டுவந்த பையன்
"கடிகாரத்துக்குத் தூக்குத் தண்டனையா பாய்?" என்றான்.

ஊக்குக்கு நாற்பது ரூபாய் வாங்கினேன்.
மற்றதற்கு வாங்கவில்லை, சொல்லவுமில்லை.
மூடுவதற்கு முன், என் பழைய கீறலுக்குக் கீழே
தரையைப் பார்த்து ஓர் அம்பு போட்டேன்.
அடுத்து திறக்கிறவன் கெட்டிக்காரனாக இருந்தால்
அதுவே போதும்.

குத்திக்கொண்டார், குனிந்து பார்த்தார்.
பாகாயம் பஸ் ஹாரன் அடித்தது.
ஓடினார்.
இன்று ஏழு மணிக்கு, பழக்கதோஷத்தில்,
நாலு நிமிடம் தள்ளி வைப்பார் என்பது
அவர் போன பிறகுதான் உறைத்தது.