திருகாணி

மெல்பேர்னில் காலை எட்டு என்றால்
ஆரையம்பதியில் மூன்றரை.
தவநேசன் எழும்பாமல் கதவைச் சாத்திவிட்டு
லாப்டொப்பைத் திறக்கிறேன்.
நான் போகாத ஊரில், நுழையாத வீடுகளில்
எத்தனை கால் நட்டால் ஒரு சுவர் நிற்கும் என்று
எண்ணிக் கொடுப்பது என் உத்தியோகம்.

மரமா இரும்பா, டேரன் கேட்டிருக்கிறான்.
வீட்டுக்காரர் இன்னும் முடிவெடுக்கவில்லையாம்.
மத்தியானத்துக்குள் இரண்டுக்கும் கணக்கு வேணுமாம்,
அவனுடைய மத்தியானம்.

இரும்பென்றால் மெல்லிய தகரத்தை
'ப' எழுத்துப் போல மடித்தது.
கோணாது, ஊதாது, கறையான் அண்டாது.
அறுநூறு மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் பதின்மூன்று கால்.

மரமென்றால் பைன்.
நானூற்றைம்பதுக்கு ஒன்று, பதினேழு கால்,
குறுக்குக்கட்டைகள் வேறு.
ஈரம் குடித்தால் முறுக்கிக்கொள்ளும்.
ஆனால் எந்த இடத்திலும் ஆணி ஏற்கும்.
பிறகு ஒருநாள் மனம் மாறினால்
ஒரு கைவாள் போதும்.
இதையெல்லாம் எழுதினால் டேரனுக்கு விளங்காது.
விலையை மட்டும் எழுதினேன்.

மறுகாதான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.
ஏழு மீற்றர் இருபது சென்ரிமீற்றர்.
ஒரே வீட்டை
முன்வாசலிலிருந்து பின்விறாந்தை வரைக்கும்
நடுவால் கிழித்துக்கொண்டு போகிறது சுவர்.
இந்தப் பக்கம் பழைய குசினி,
அந்தப் பக்கம் புதுக் குசினி.
பில்லுக்கு இரண்டு பெயர், ஒரே குடும்பப்பெயர்.

முதல் திருத்தத்தில் சுவரின் நடுவில் ஒரு கதவு இருக்கிறது.
இரண்டாவதில் அதற்கு இரண்டு பக்கமும் பூட்டு.
மூன்றாவதில் கதவைச் சுற்றிச் சிவப்புக்கோட்டில் ஒரு மேகம்:
நீக்கவும்.

காத்தான்குடிப் பக்கமிருந்து பாங்கு கேட்டது.
தேத்தண்ணி வைக்க எழும்பி
கையில் கோப்பையோடு வளவுக்கு வந்தேன்.

எங்களுக்கும் ஒன்று இருக்கிறது.
இருபத்தாறு தகரம்.
தவநேசனும் அவருடைய அண்ணன் குகநேசனும்
ஒரு போயா நாளில், ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்க,
மத்தியானச் சோற்றுக்கு முன்னமே முடித்துவிட்டார்கள்.
வலு நேரான வேலி. நூல் பிடித்து அடித்தது.
படலை ஒன்று விடவேணும் எண்டு
ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.
அளவுநாடாவின் மற்ற நுனியை
நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிணறு அந்தப் பக்கம் போய்விட்டது.
பவளராணியக்கா தகரத்துக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டுவா.
எட்டி வாங்கும்போது விளிம்பு
மணிக்கட்டைக் கீறும்.
கடற்காற்றில் அடித்தகரம் துருவேறி உதிர்ந்த இடத்தால்
அவவின் கோழிக்குஞ்சுகள் வந்துபோகின்றன.

ஆறு மணிக்கு முதல் அனுப்பிவிட்டேன்.
சிபாரிசு: மரம்.
நீக்கச் சொன்ன கதவை நீக்கிவிட்டேன்.
அது இருந்த இடத்தில், சுவருக்குள்ளே,
நாலு கால் கூட, மேலே ஒரு தலைக்கட்டை.
இடையில் வருகிற குட்டைக்காலுக்கு மட்டும்
ஒரு குறிப்பு: ஆணி வேண்டாம், திருகாணி.

இது எதுக்கு, டேரன் கேட்டான்.
முப்பத்தெட்டு டொலர் கூடுதே.

பாரமான அலுமாரி ஏதும் மாட்டுவதென்றால்
பிடிமானம் வேணும், என்று எழுதினேன்.
பொய்யில்லை.
சரி, எண்டான்.

வருகிற கிழமை தச்சர்கள் வருவார்கள்.
பலகை மூடி, பட்டி பூசி, தேய்த்து,
இரண்டு பக்கமும் வெள்ளை அடிப்பார்கள்.
எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது.
யாராவது எப்போதாவது
விரல்மடக்கால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தால்
அந்த இடத்தில் மட்டும்
சத்தம் கொஞ்சம் தடிப்பாகக் கேட்கும்.

தவநேசன் எழும்பிவிட்டார்.
சுத்தியலை எங்கே வைத்தாய் என்கிறார்,
கீழ்த்தகரத்துக்கு ஒட்டுப்போட வேணுமாம்.