பதினான்கு மீட்டர்

வாட்ச், பெல்ட், பேனா, சில்லறை,
தலையில் தேய்த்த எண்ணெய்,
ஒன்றும் உள்ளே வரக்கூடாது.
பருத்திச் சட்டை, பருத்திக் கால்சட்டை.
பொறி தட்டக்கூடிய எதற்கும் அனுமதியில்லை
என்று எல்லார் பையையும் தடவிப் பார்க்கிறாள் ஹஸ்னிதா.
என் கட்டுகளைத் தொடாமல்
சுற்றி வந்து பார்க்கிறாள்.
என்னை மட்டும் எப்படி விடுகிறாள்?

மறுபடியும் ஒரு டாங்க்.
வெள்ளை பெயிண்ட், நீள பெஞ்சு, வட்டக் கண்ணாடி.
வெல்டிங் சுத்தம்தான்.
கதவோரம் ஒரு ஜாயிண்ட் மட்டும் கொஞ்சம் கோணல்.
நானாக இருந்தால்
கிரைண்டர் பிடித்து மறுபடி போட்டிருப்பேன்.

"இறங்குகிறோம்" என்கிறது ஸ்பீக்கர்.
ஒன்பது வருஷம் துவாஸில்
கப்பல்களின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தவன்,
ஒருநாளும் கடலில் கால் வைத்ததில்லை.
இப்போது ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில்
ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல்
பதினான்கு மீட்டர் ஆழம்.
காது அடைக்கிறது.
எச்சில் விழுங்கு, கொட்டாவி விடு என்கிறாள்.
எச்சில்தான் ஊற மாட்டேன் என்கிறது.

எதிரே குவெக் அங்கிள். சர்க்கரை தின்ற கால்.
தலையில் கண்ணாடிக் கூடு மாட்டியதும்
தூங்கிவிடுவார்.
குறட்டை வெளியே கேட்காது,
கூட்டில் ஆவி படர்ந்து படர்ந்து விலகும்.

நேற்று போனில் சத்தியகலா கேட்டாள்:
"மூச்சு விடுறதுக்கா இவ்வளவு காசு?"
கம்பெனி இன்ஷூரன்ஸ் என்றேன்.
"அப்ப நல்லா இழுத்து விடுங்க."
சிரித்தால் கன்னம் வலிக்கும்.
சிரித்தேன்.

சுத்தமான ஆக்ஸிஜன்.
வாசனை இல்லை, நிறம் இல்லை.
அன்றைக்கும் அப்படித்தான்.
சாப்பாட்டு மணி அடித்தது,
கட்டிங் ஹோஸை டாங்குக்குள் போட்டுவிட்டு ஏறினோம்
நானும் ஷொஃபிகுலும்.
கேட்டரிங் சோறு, புளித்த ரசம், ஒரு மணி நேரம்.
அந்த ஒரு மணி நேரமும்
ஓசையில்லாமல் கசிந்து நிறைந்து
எங்களுக்காகக் காத்திருந்தது அது.
லைட்டரை உரசினேன்.
சட்டை பற்றிக்கொண்டது என்று சொல்ல முடியாது,
சட்டை இருந்த இடத்தில் நெருப்பு இருந்தது.

அதே வாயுதான் இங்கே மருந்து.
டாக்டர் படம் வரைந்து காட்டினார்:
அழுத்தினால் ரத்தத்தின் நீரிலேயே கரையுமாம்,
சிவப்பணு போக முடியாத சந்துக்கும் போகுமாம்.
சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல்
நடுவில் ஒரு வட்டம் கிடக்கிறதாம் தோலில்,
அதைத்தான் இந்தப் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்களாம்.
அந்த வட்டத்தில்தான்
நான் படுத்திருக்கிறேன் டாக்டர்.

நடுநடுவே ஐந்து நிமிஷம்
சாதாரணக் காற்று கொடுப்பார்கள்.
மிஞ்சினால் இதுவும் நஞ்சு, வலிப்பு வரும்.
அந்த ஐந்து நிமிஷத்தில்தான் வருகிறது
வால்வு.

சேஃப்டி ஆபீசரிடம் நினைவில்லை என்றேன்.
எட்டாம் மாடி வார்டில்
குப்புறக் கிடந்தபடி ஷொஃபிகுலும்
நினைவில்லை என்றானாம்.
அன்று அவன் எனக்கு முன்னால் ஏறினான்.
கடைசியாக ஏறியவன் நான்.

காது திறக்கிறது. மேலே வந்துவிட்டோம்.
விரலால் வட்டம் போட்டுக் காட்டுகிறாள் ஹஸ்னிதா,
சரிதானே என்று.
கட்டுக்குள் என் விரல்கள் வளையவில்லை.
தலையை ஆட்டினேன்.

நாளையிலிருந்து உங்கள் நண்பரும் வருகிறார் என்றாள்,
பக்கத்துப் பக்கத்து இடம்.

தொண்ணூறு நிமிஷம்.
நடுவில் கதவு திறக்க மாட்டார்கள்.