இரவல்

பரந்தன் சந்தி, பற்றரிக் கடைக்குப் பின்பக்கம்,
நவநீதனின் மேசையில் கிடந்தது
தண்ணிப் பம்புக்கும் தையல் மெசின் மோட்டருக்கும் நடுவில்.
"தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுச் சாமான், ஜப்பான்.
தூக்கிப் பாருங்கோ, பாரமே சொல்லும்."
சொன்னது.
"தட்டு மட்டும் வெளிய வராது."
வராத தட்டுக்கு அவன் ஐந்நூறு குறைத்தான்.
நான் இன்னும் இருநூறு குறைத்தேன்.

முறிகண்டியில் பஸ் நிற்க
எல்லாரும் இறங்கிக் கச்சான் வாங்கினார்கள்.
நான் இறங்கவில்லை, மடியில் பாரம்.

வீட்டில் நாலு திருகாணி கழற்றினேன்.
உள்ளே ரப்பர் பெல்ட் பாகாய் உருகி
விரலில் ஒட்டியது, தேங்காயெண்ணெய்க்கும் போகவில்லை.
தட்டு அரைவாசி வந்து நின்றது
ஒரு சீடியோடு.
நீலப் பேனையில், சரிந்த எழுத்து:
'கவனம். ஜெசிந்தாவிடம் திருப்பிக் குடுக்கோணும்.'

எந்த ஜெசிந்தா?
போன் எடுத்தேன். நவநீதன் சிரித்தான்:
"அக்கா, அது லொறியில நிறுத்து வாங்கினது.
பேர் விலாசம் ஆர் கேட்டது?"

புது பெல்ட் கொழும்பிலிருந்து வரவேணுமாம்.
வரட்டும், பூட்டலாம்.
ஆனால்
இரவல் சாமான்,
கேட்டுவிட்டுத்தானே கேட்கவேணும்.