ஒரு மாதத்துக்குள்

லிலோங்வே. பிப்ரவரி. விடாத மழை.
படிவத்தில் மூன்று பத்திகள்:
ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள்,
ஆண்டு முடிவதற்குள்.
ஒவ்வோர் எண்ணுக்கு முன்னாலும் ஒரு கழித்தல் குறி,
வாசலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்ட
கடன்காரன்போல.

வெளிக்கடன் வட்டி, பதினொன்றாம் தேதி.
யூரியா, பாதித் தொகை.
பெய்ராவுக்கு வெளியே நங்கூரமிட்ட டீசல் கப்பல்.
சும்மா நிற்பதற்கும் வாடகை உண்டு,
அதுவும் டாலரில்.

கையிருப்பு என்று மேலே நான் தட்டும் தொகையில்
ஒரு பங்கு வங்கிகளிடம் கைமாற்று.
கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய சங்கிலி.
படம் எடுக்கும்வரை நம் கழுத்துதான்.
இருபத்தாறாம் தேதி
கொக்கியைக் கழற்றித் தரவேண்டும்.

"புகையிலை வந்தால் சரியாகிவிடும்" என்கிறார் மசவ்கோ.
ஏலம் ஏப்ரலில்.
இலை இப்போது கசுங்குவில்
கொட்டகைக் கழிகளில் ஈரமாய்த் தொங்குகிறது.
ஈரத்துக்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

என் கார் மூன்று நாளாய் பெட்ரோல் பங்க் வரிசையில்.
உள்ளே தம்பி லிம்பானி தூங்குகிறான்,
யாராவது முந்தினால் எழுந்து கத்துவதற்காக.

இரவு ஒன்பது மணி.
வாயிலில் காவலாளி சிங்கேனி கேட்டார்:
"மேடம், டீசல் வருமா?"

கப்பலின் பெயர் தெரியும்.
எத்தனை டன் தெரியும்.
எவ்வளவு குறைகிறதென்று
சென்ட் வரைக்கும் தெரியும்.

"மழை விடுகிற மாதிரி இல்லை" என்றேன்.

தன் குடையை நீட்டினார்.
"நாளைக் காலையில் தந்துவிடுங்கள்,
எனக்கு இருப்பது இது ஒன்றுதான்."