பக்கம் நாற்பத்தேழு

மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்
என் டி.டி.பி. கடைக்கு
மழையில் ஆள் வராது.
அப்போதுதான் கையேட்டைத் திறப்பேன்.

இசை மென்பொருள் இலவசம்தான்.
செய்தவர்களோ
ஆறு மாசத்துக்கொருமுறை
பொத்தான்களை இடம் மாற்றிவிடுவார்கள்.
பதிவுப் பொத்தான் இடப்பக்கம் என்று
எழுதி முடித்த வாரமே
அது வலப்பக்கம் போயிருந்தது.

வள்ளவிளை பிறிட்டோ
நாற்பது நாள் தங்கலுக்குப் போகுமுன்
அச்சில் கேட்டார்:
“நடுக்கடல்ல நெட் கெடயாது, கேட்டியளா.
கிறிஸ்மஸுக்குள்ள ஒரு பாட்டு முடிக்கணும்.”
சுருள்கம்பி போட்டுக் கொடுத்தேன்.

திரும்பி வந்த பிரதியில்
ஐஸ்பெட்டி வாடை, டீசல் ரேகைகள்,
ஓரமெல்லாம் பென்சில்.
‘படம் பழசு.’
‘இங்க ஒரு படி விட்டுப்போச்சு.’
‘இத அமுக்குனா எல்லாம் அழிஞ்சு போவும், மொதல்லயே சொல்லணும்.’

நாற்பத்தேழாம் பக்கத்தில்,
கட்டையை அழுத்தியதற்கும்
ஒலி கேட்பதற்கும் நடுவே
நான் வைத்திருந்த சொல் ‘தாமதம்’.
அதை அடித்துவிட்டு:
‘மீன் மொதல்ல கொத்தும்.
கை பெறகுதான் அறியும்.’

அப்படியே சேர்த்தேன்.
தொகுத்தோர் பட்டியலில்
விஜிலாவுக்கு மேலே பிறிட்டோ.
கேட்டவர்களிடம் அகரவரிசை என்றேன்.

நேற்று புதிய பதிப்பு.
அந்தப் பொத்தானையே காணோம்.
வெளியே நல்ல வெயில்,
ஆதார் நகலுக்கு
ஏழு பேர் நிற்கிறார்கள்.