முப்பத்துநாலு போகம்

கல்முனை மாவட்ட நீதிமன்று. பத்தே முக்கால்.
மின்விசிறி மட்டும்தான் அமர்வில்.

"கோப்பக் காணல்ல மிஸ்."
காப்பறை லிகிதரின் சோற்றுப் பார்சலுக்குக் கீழே
அதன் நாடா தொங்குகிறது.
போன தவணை முதலியார் லீவு.
அதற்கு முந்தி,
நான் முடித்த குறுக்கு விசாரணையை மறந்து
சாட்சியைத் திரும்பவும் கூப்பிட்டார் ஐயா.

சம்மாந்துறை வட்டையில் முக்கால் ஏக்கர்.
வழக்கு வைத்த பிறகு
முப்பத்துநாலு போகம் வெட்டிவிட்டான் எதிராளி.

பதினொன்றுக்கு வந்தார்.
பதினொன்று ஐந்துக்கு எழும்பினார்.
"மிக்க நன்றி, கனம் நீதிபதி அவர்களே" என்று
குனிந்தது நான்தான்.

"என்னவாம் மிஸ்?"
ஆதம்பாவா காக்கா உறுதியோடு நிற்கிறார்,
பிளாஸ்டிக் உறைக்குள் அது.
உறை முழுக்கப் பழைய திகதிகள்.
புதியதற்கு இடமில்லை.

உள்ளங்கையை விரித்து
பேனையையும் தருகிறார்.