தன்மை ஒருமை

பெரியாஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில்
செவ்வாயும் வெள்ளியும்
நான் வேறு ஆட்களின் ‘நான்’.

மொழிபெயர்ப்பில் அதுதான் சட்டம்.
‘இவவுக்குத் தலை சுற்றுதாம்’ என்று சொல்லக்கூடாது.
‘எனக்குத் தலை சுற்றுது.’
அப்படியே சொன்னேன், சிங்களத்தில், நாலு வருஷம்.

எனக்கு லிந்துலையில் கொழுந்து சுமந்து
முதுகெலும்பு தேய்ந்தது.
எனக்கு மூதூர்க் கடலில் ஒரு கண் மங்கியது.
எனக்குச் சலம் போகும்போது எரிந்தது;
அவர் எவ்வளவு மெல்லச் சொன்னாரோ
அவ்வளவு மெல்லச் சொன்னேன்.
எனக்கு மூன்று தரம் கரு தங்கவில்லை,
மாமியாருக்கு இன்னும் தெரியாது.
கலியாணமே கட்டாத எனக்கு.

கொட்டாஞ்சேனை அறைக்கு வந்து
செருப்பைக் கழற்றினால் போன் அடிக்கும்.
தவராணியின் மகன்:
அக்கா, துண்டில என்ன எழுதியிருக்கு,
சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?
பின்னம், என்பேன்.
என் சாப்பாடு
பின்னத்துக்கும் பின்னமாய் அடுப்பில் கிடக்கும்.
நடுச்சாமத்தில் துறைமுகத்துக் கப்பல் ஊத
விழித்துக்கொள்வேன்,
உடம்பில் ஒரு நோவு இருக்கும்,
யாருடையது என்று தேடிக்கொண்டு கிடப்பேன்.

மாசியில் இடது தோள் பிடித்தது.
சித்தாலேப பூசினேன்.
பங்குனியில் கை தலைக்கு மேல் போகவில்லை,
பின்னலை விட்டுவிட்டுக் கிளிப் குத்தினேன்.
176 பஸ்ஸில்
வலது கையால் மட்டும் தொங்கப் பழகினேன்.
கேட்டவர்களுக்குச் சிரித்தேன்:
ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறவளுக்கு
வருத்தம் வருமா?

சித்திரை முடிய ஒரு வெள்ளி.
ஹபீபா உம்மா, அக்கரைப்பற்று,
இருமலுக்கு வந்தவர்.
டொக்டர் கண்ணாடியை மேலே தள்ளி
வழமைபோல் கேட்டார்:
கொஹெத ரிதென்னே?
நான் சொன்னேன்:
இடது தோளில். மூன்று மாதம்.
அந்தப் பக்கம் படுக்க ஏலாது.
பிறகு, யாரும் கேட்காமலே:
களைப்பாய் இருக்கு டொக்டர்.

அவர் எழுதிக்கொண்டே போனார்.
உம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.
‘மகள், நான் இன்னும்
வாயத் தொறக்கவே இல்லியே.’

மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.
டொக்டர் துண்டைக் கிழிக்கப் போய்
கிழிக்காமல்,
பெயரிடத்தை வெறுமையாய் விட்டு
என் பக்கம் தள்ளினார்.
நான் இருமலைச் சொன்னேன்.
சளியின் நிறம்கூடச் சரியாகச் சொன்னேன்.
துண்டைக் கைப்பைக்குள் வைத்து
பத்து நாள் திறக்கவில்லை.

பதினோராம் நாள், ஒரு செவ்வாய்,
கழுத்தில் அடையாள அட்டை போடாமல் போனேன்.
இலக்கம் அறுபத்தொன்று.
அந்த வாங்கு இவ்வளவு பதிவு என்று
அன்றைக்குத்தான் தெரியும்.
நாலு வருஷமும் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

நாற்பத்தெட்டைக் கூப்பிடுகிற நேரம்
மருந்து ஜன்னலடியில் ஒரு பொடியன்,
தோளில் பிள்ளை.
‘தமிழ் தெரிஞ்ச ஆரும் இருக்கிறீங்களோ?’

வாய் திறந்துவிட்டது, பழக்கம்.
முழங்கால் பாதி எழும்பிவிட்டது.
பிள்ளையைப் பார்த்தேன்:
அப்பாவின் கொலரைச் சப்பிக்கொண்டு
என்னைப் பார்த்துச் சிரித்தது.
இருந்தேன்.

‘தம்பி, மூண்டாம் அறையில மல்காந்தி மிஸ்,
நல்லாத் தமிழ் கதைப்பா.
அவ இல்லாட்டி திரும்பி வாங்கோ.
என்ர நம்பர் முடியட்டும்.’

என்ர.
அந்தச் சொல்லை மட்டும்
யாருடைய பாஷைக்கும் மாற்றத் தேவையிருக்கவில்லை.

போகும்போது அவன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.
அதுவும் நொந்தது.
இடது பக்கம்தான்,
தோளுக்குக் கொஞ்சம் கீழே.

ஐம்பத்திரண்டு, என்று கூப்பிட்டார்கள்.